நாளிதழ்களின் பெயர் ஏன் இன்னும் அந்தப் பழைய எழுத்தில்?

கேள்வி இதுதான்: "நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், லண்டனின் டெய்லி டெலிகிராஃப் எல்லாம் உள்ளே இவ்வளவு நவீனமாக இருக்கின்றன. முதல் பக்கத்து உச்சியில் இருக்கும் பெயரை மட்டும் ஏன் கொக்கியும் முள்ளுமாக, படிக்கவே சிரமமான எழுத்தில் போடுகிறார்கள்? தொடங்கிய நாளிலிருந்து அப்படியே விட்டுவிட்டார்களா?"

ஒரு நாளிதழின் பக்க வடிவமைப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியோடு கொஞ்சம் சொந்தமும் உண்டு, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்படியே விடவில்லை. நூறு வருடமாக யாரும் தொடாதது என்று நாம் நினைக்கிற பெயர்களில் பலமுறை கை வைத்திருக்கிறார்கள். சில பெயர்கள் பத்திரிகை பிறந்த அன்றே பழசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த எழுத்தை எடுத்துக்கொண்டன. இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் எழுத்தைப் பற்றி. ஆங்கிலத்தில் பிளாக்லெட்டர், அதாவது கருப்பெழுத்து, என்பார்கள். கோத்திக் என்றும் சொல்வதுண்டு. நம்மூர் டிடிபி கடையில் 'ஓல்ட் இங்கிலீஷ்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பட்டச் சான்றிதழ்களில் பார்த்திருப்பீர்கள். 1450-களில் குட்டன்பர்க் பைபிளை அச்சடித்தபோது, அன்றைய கையெழுத்துப் பிரதிகளைப் போலவே இருக்கட்டும் என்று இந்த எழுத்தைத்தான் வார்த்தார். 1611-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் பதிப்பும் இதே எழுத்தில்தான் அச்சானது. அப்புறம் அங்கே சாதாரணப் புத்தகங்களுக்கு ரோமன் எழுத்து, அதாவது இன்று ஆங்கிலப் புத்தகங்களில் நாம் பார்க்கும் நேரான எழுத்து, வந்துவிட்டது. சட்டங்கள், அரசாணைகள், பத்திரங்களின் தொடக்க வரி போன்ற இடங்களில் மட்டும் கருப்பெழுத்து நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே இங்கிலீஷ்காரர் கண்ணுக்கு அந்த எழுத்து என்றாலே அரசு, சட்டம், அதிகாரம். பெயருக்கு அதை எடுத்துக்கொண்ட பத்திரிகைகளுக்கும் அந்த மதிப்பில் கொஞ்சம் ஒட்டியது. அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி மார்னிங் ஹெரால்டுக்கும், கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மனுக்கும், அமெரிக்காவுக்கும் அதே வழக்கம் போனது.

பழைய அச்சு முறையும் இதற்கு ஒத்துழைத்தது. ஈய எழுத்துக் காலத்தில் செய்தியை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கோப்பார்கள். அச்சானதும் எழுத்தைப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போடுவார்கள், அல்லது லைனோ இயந்திரத்தில் வரி வரியாக வார்த்த ஈயத்தை உருக்கிவிடுவார்கள். மறுநாள் மேசை மேல் எதுவும் மிச்சம் இருக்காது, பெயர் பிளாக்கைத் தவிர. அது ஒரே துண்டாகச் செய்து வைத்தது. தினமும் அதே பிளாக்கை எடுத்து, பக்கச் சட்டத்தின் தலையில் வைத்து, அதற்குக் கீழேதான் அன்றைய உலகத்தை அடுக்குவார்கள். பத்திரிகையில் நேற்றும் இன்றும் ஒன்றாக இருக்கும் ஒரே பொருள் அதுதான். மனிதருக்குக் கையெழுத்து எப்படியோ, பத்திரிகைக்கு அது அப்படி ஆகிவிட்டது. கையெழுத்தைச் சும்மா மாற்ற முடியாது, பேங்கிலேயே கேட்பார்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை முதல் பக்கத்தில் இடம் போதாமல் பெயரின் உயரத்தைச் சற்றுக் குறைத்தோம். எழுத்து வடிவத்தைத் தொடவே இல்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் போன் வர ஆரம்பித்தது. "ஏதோ மாறியிருக்கே, என்னன்னு சொல்லத் தெரியல" என்று ஒரு பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வாசகர்கள் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, முகமாகப் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. படிக்கச் சிரமமான எழுத்தில் பெயர் இருந்தாலும் யாரும் சிரமப்படாததற்கு அதுதான் காரணம்.

சரி, நியூயார்க் டைம்ஸுக்கு வருவோம். கேள்வி கேட்டவர் முதலில் சொன்ன பெயர் அதுதான், மாறாதது என்று எல்லாரும் நினைப்பதும் அதைத்தான்.

அது 1851 செப்டம்பர் 18 அன்று தொடங்கியது. அன்று அதன் பெயர் 'நியூ-யார்க் டெய்லி டைம்ஸ்'. 1857-இல் 'டெய்லி' போய், முன்னால் 'தி' வந்தது. நியூ-க்கும் யார்க்-குக்கும் நடுவே ஒரு சிறு கோடு இருந்ததைக் கவனியுங்கள். அந்த ஊரின் பெயரை அன்று அப்படி எழுதுவதே வழக்கம். 1896 ஆகஸ்டில் அடால்ஃப் ஆக்ஸ் என்பவர் நொடித்துப்போயிருந்த பத்திரிகையை வாங்கினார். அதே வருடம் டிசம்பர் 1 அன்று அந்தக் கோடு மறைந்தது. பெயருக்குப் பக்கத்தில் சிறு பெட்டியில் வரும் 'அச்சிடத் தகுந்த எல்லாச் செய்திகளும்' என்ற புகழ்பெற்ற வாசகமும் அவர் கொண்டுவந்ததுதான். இதைவிட நல்ல வாசகம் சொல்பவருக்கு 100 டாலர் பரிசு என்று போட்டி வைத்தார்கள். பரிசைக் கொடுத்தார்கள், ஆனால் வாசகத்தை மாற்றவில்லை. 1897 பிப்ரவரியில் அது முதல் பக்கத்துக்கு ஏறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பெயரின் இரு பக்கமும் இருக்கும் அந்த இடத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் 'காது'. நம்மூர் விளம்பரப் பிரிவில் இயர் பேனல் என்று சொல்லி விற்பது அதைத்தான். இன்று அங்கே நகைக்கடையோ ரியல் எஸ்டேட்டோ உட்கார்ந்திருக்கும். வருமானம் தேவைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பாரதியார் நடத்திய 'இந்தியா' வாரப் பத்திரிகை 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்ற மூன்று சொற்களைத் தன் கொள்கை வாசகமாகத் தாங்கி வந்தது நினைவுக்கு வராமல் போகாது. 1906-இல், அதுவும் சிவப்புக் காகிதத்தில். பத்திரிகை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது உள்ளே ஒரு வரி படிக்கும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

டைம்ஸில் இன்னொரு மாற்றம். 1967 பிப்ரவரி 21 வரை அந்தப் பெயரின் முடிவில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தலைப்புகளுக்கும் கடைப் பலகைகளுக்கும்கூடப் புள்ளி வைப்பார்கள். நம்முடைய பழைய தமிழ்ப் புத்தகங்களின் முகப்புப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், நூலின் பெயருக்குப் பின்னால் புள்ளி இருக்கும். அந்த வழக்கம் பெரும்பாலான இடங்களில் போன பிறகும் டைம்ஸில் தங்கியிருந்தது. லூயி சில்வர்ஸ்டைன் என்ற கலை இயக்குநர் பக்கங்களைப் புதுப்பித்தபோது, எட் பெங்கியட் என்ற எழுத்துக் கலைஞரைக் கொண்டு பெயரைத் திரும்ப வரையச் செய்தார். புள்ளி போனது. அதனால் ஆண்டுக்கு 41 டாலர் 28 சென்ட் மதிப்புள்ள மை மிச்சமாகும் என்று கணக்கும் போட்டார்கள். ஆக, இன்று நாம் பார்க்கும் அந்த 'பழங்கால' எழுத்து, சரியாகச் சொன்னால் 1967-இல் வரைந்தது. பழைய முகத்தைக் கெடுக்காமல், தடித்த இடத்தைத் தடிப்பாக்கி, மெல்லிய இடத்தைத் தெளிவாக்கி, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி புதுப்பித்திருக்கிறார். கோயில் சிற்பத்தைப் பழுது பார்க்கும் ஸ்தபதியின் வேலை அது. என் தொழிலில் இதைவிடக் கடினமான வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை லண்டன் டைம்ஸ். இந்தத் துறையில் இருக்கும் எல்லாரும் அறிய வேண்டியது.

1785 ஜனவரி 1 அன்று ஜான் வால்டர் தொடங்கியபோது அதன் பெயர் 'டெய்லி யுனிவர்சல் ரெஜிஸ்டர்'. அந்தப் பெயரால் அவர் பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். மக்கள் வாயில் அது வெறும் 'ரெஜிஸ்டர்' ஆகிவிட்டது. காபிக் கடையில் "ரெஜிஸ்டர் கொண்டு வா" என்று கேட்டால், பையன் அதே சொல் உள்ள வேறு எதையாவது கொண்டுவந்து வைப்பான். 940 இதழ்கள் வந்தபின், 1788 ஜனவரி 1 அன்று 'தி டைம்ஸ்' என்று பெயரை மாற்றினார். இரண்டே சொல், யாரும் சுருக்க முடியாது. பெயர் மாற்றத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்?

புதிய பெயர் முதலில் வந்தது ரோமன் எழுத்தில். கோத்திக் அதற்குப் பிறகு ஏறியது. ஏறியபின் நூறு வருடத்துக்கு மேல் இறங்கவே இல்லை. டைம்ஸ் என்றாலே அந்தக் கருத்த எழுத்தும் நடுவில் அரச முத்திரையும்தான் என்று மூன்று நான்கு தலைமுறை வளர்ந்துவிட்டது.

1929-இல் ஸ்டான்லி மாரிசன் என்பவர் வந்தார். மோனோடைப் நிறுவனத்தின் அச்செழுத்து ஆலோசகர். அதோடு அச்சு வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர். டைம்ஸின் அச்சு மோசமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். சரி, நீங்களே செய்து கொடுங்கள் என்று பத்திரிகை அவரையே அழைத்துக்கொண்டது. அவர் மேற்பார்வையில், டைம்ஸ் அலுவலகத்திலேயே இருந்த விக்டர் லார்டென்ட் என்ற வரைகலைஞர் வரைந்த எழுத்துதான் டைம்ஸ் நியூ ரோமன். நம்மில் பலர் கணினியில் முதன்முதலில் ஆங்கிலம் தட்டிய எழுத்து. 1932 அக்டோபர் 3 அன்று பத்திரிகை முழுக்கப் புது எழுத்தில் வந்தது. அதே நாளில் பத்திரிகையின் பெயரில் இருந்த கோத்திக்கையும் மாரிசன் எடுத்துவிட்டு ரோமன் பெரிய எழுத்துகளில் போட்டார்.

அன்றைய டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தியே கிடையாது. முழுக்க வரி விளம்பரங்கள்தான். 1966 மே 3 வரை அப்படித்தான் இருந்தது. ஆகவே அந்தப் பக்கத்தில் கண்ணை நிறுத்தும் ஒரே விஷயம் பெயர். அதில் கை வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். மாரிசன் அதற்குக் கையில் எடுத்தது வரலாற்றை. கோத்திக்தான் மரபு என்கிறீர்களே, 1788-இன் முதல் இதழைத் திறந்து பாருங்கள், அங்கே ரோமன்தானே இருக்கிறது? நான் புதுமை செய்யவில்லை, உங்கள் மூலப் பெயருக்கே திரும்பப் போகிறேன் என்பதுதான் அவர் வாதம். மரபைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களிடம் அதைவிட மூத்த மரபை எடுத்துக் காட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்துவிட்டு, எங்கள் அலுவலகத்தின் பழைய பைண்டு வால்யூம்களை நாள் கணக்கில் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பத்திரிகையிலும் புதுப்பிக்கும் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது இன்றும் என் எண்ணம்.

இப்போது, பிறக்கும்போதே பழைய முகத்தோடு பிறந்த பத்திரிகைகள்.

பாரிஸில் 'ல தாம்' என்று ஒரு பெரிய நாளிதழ் இருந்தது. காலம் என்று பொருள். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1942 நவம்பரில் அது நின்றுபோனது. 1944-இல் பாரிஸ் விடுதலையானதும், பிரான்ஸுக்கு மதிப்புமிக்க நாளிதழ் ஒன்று வேண்டும் என்று புதிய அரசின் தலைவர் தெ கோல் விரும்பினார். ஆக்கிரமிப்புக் காலத்திலும் அச்சாகிக்கொண்டிருந்ததால் 'ல தாம்' பெயரில் திரும்ப வர முடியாது. அதன் கட்டடத்திலேயே, உபேர் பொவ்-மெரி தலைமையில், 'லெ மோந்த்' பிறந்தது. உலகம் என்று பொருள். முதல் இதழின் தேதி 1944 டிசம்பர் 19. புதிய பெயர், புதிய ஆசிரியர். ஆனால் உச்சியில் பெயர் மட்டும் 'ல தாம்' போலவே கோத்திக் எழுத்தில். பெட்டிக்கடையில் அதைப் பார்த்த வாசகருக்கு, தான் தினமும் படித்த பத்திரிகை வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது என்று தோன்றியிருக்கும். அந்த எழுத்தைத்தான் 'லெ மோந்த்' இன்றுவரை வைத்திருக்கிறது.

ஜெர்மனியின் கதை இன்னும் ஆழமானது. ஜெர்மன் கருப்பெழுத்து வகைக்கு ஃப்ராக்டூர் என்று பெயர். அதைப் பார்த்ததும் ஹிட்லர் ஆட்சியின் எழுத்து என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். சினிமாவில் அப்படியே காட்டி பழக்கிவிட்டார்கள். தொடக்கத்தில் அந்த ஆட்சி அதைக் கொண்டாடியதும் உண்மைதான். ஆனால் 1941 ஜனவரி 3 அன்று ஹிட்லருக்கு நெருக்கமான நாஜிக் கட்சி அதிகாரி மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை, இது யூதர்களின் எழுத்து என்று ஆதாரமே இல்லாமல் சொல்லி, இனிமேல் எல்லாம் ரோமன் எழுத்திலேயே வர வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த எழுத்தை ஒதுக்கியது நாஜிகளே. 1943 ஆகஸ்டு இறுதியில், 1856-இலிருந்து வந்துகொண்டிருந்த 'ஃப்ராங்க்ஃபுர்ட்டர் சைட்டுங்' நாளிதழும் ஹிட்லரின் ஆணையால் மூடப்பட்டது.

போர் முடிந்து, 1949 நவம்பர் 1 அன்று 'ஃப்ராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைன சைட்டுங்' தொடங்கியபோது அது தன் பெயரை ஃப்ராக்டூரில் போட்டது. சட்டப்படி அது பழைய பத்திரிகையின் வாரிசு அல்ல. ஆனால் பழைய ஆசிரியர் குழுவிலிருந்து பலர் அங்கே வந்து சேர்ந்தார்கள். பெயர் மட்டுமல்ல, கருத்துக் கட்டுரைகளின் தலைப்புகளையும் அதே எழுத்தில் போட்டு வந்தார்கள். 2007 அக்டோபர் 5 அன்று பக்கங்களைப் புதுப்பித்தபோது கட்டுரைத் தலைப்புகளில் ஃப்ராக்டூரை விட்டார்கள். பெயரில் விடவில்லை. அந்த எழுத்தை யார் ஒதுக்கினார்கள், மூடப்பட்ட பத்திரிகை எது என்று தெரிந்த வாசகருக்கு, முதல் பக்கத்து உச்சியில் அது இருப்பது அழகுக்காக மட்டும் என்று தோன்றாது.

எல்லாரும் இப்படித்தானா என்றால், இல்லை. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் இதற்கு மறுதுருவம். 1821-இல் மான்செஸ்டர் கார்டியனாகத் தொடங்கி, 1959-இல் ஊர்ப் பெயரை விட்டது. 1988-இல் டேவிட் ஹில்மன் என்ற வடிவமைப்பாளர் 'தி' என்பதைச் சாய்ந்த மெல்லிய எழுத்திலும், 'கார்டியன்' என்பதைத் ஹெல்வெட்டிகா என்ற நவீன எழுத்தில் தடிப்பாகவும் ஒட்டவைத்தார். ஒரே பெயரில் இரண்டு குணம். எனக்கு அது மிகவும் பிடித்த பெயர்ப்பலகை. 2005-இல் அதுவும் போய், எல்லாம் சின்ன எழுத்தில் நீல நிறத்தில் வந்தது. 2018 ஜனவரியில் அளவு டேப்ளாய்டாகச் சுருங்கியபோது இன்னொன்று. முப்பது வருடத்தில் மூன்று முகம். வாசகர்கள் கைவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஒவ்வொரு மாற்றமும் தாளின் அளவோ பக்க அமைப்போ மொத்தமாக மாறிய சமயத்தில் வந்தது. வீடு முழுக்க மாறும்போது பெயர்ப்பலகை மாறுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தமிழில் இந்தக் கேள்வி ஏன் எழவில்லை என்று சிலர் கேட்கலாம். தமிழ் அச்சில் சட்டத்துக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று என்று இரண்டு எழுத்துக் குடும்பங்கள் இருந்ததில்லை. நம் நாளிதழ்களின் பெயரில் பழமையைக் காட்ட எடுத்துக்கொள்ளத் தனி எழுத்து இல்லாததால், ஓவியர் தூரிகையால் எழுதிக் கொடுத்ததை பிளாக் செய்து வைப்பதே வழக்கமானது. நமக்கு வந்திருக்கக்கூடிய சிக்கல் வேறு: எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் கொண்டுவந்ததை ஒட்டி, 1978-இல் தமிழக அரசு ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. தினத்தந்தி, தினமணி, தினமலர், தினகரன் என்று எழுதிப் பாருங்கள், அந்தப் பதின்மூன்றில் ஒன்றுகூட இந்த நான்கு பெயர்களிலும் இல்லை. ஆனால் மாலை முரசு, மாலை மலர், விடுதலை மூன்றிலும் 'லை' இருக்கிறது. பழைய முறைப்படி எழுதினால் அந்த எழுத்துக்குத் துதிக்கை முளைத்துவிடும். ஒரு அரசாணை அந்த நான்கு பெயர்களை விட்டுவிட்டு இந்த மூன்று பெயர்களில் நுழையக்கூடும் என்பதை நான் கவனித்தபோது உண்மையிலேயே வியந்துபோனேன்.

இனி மாற்றுவார்களா? மாற்ற மாட்டார்கள் என்றே நினைக்கிறேன், காரணம் போன்தான். செல்பேசித் திரையில் ஒரு செயலிக்குக் கிடைப்பது விரல்நுனி அளவு சதுரம். அதில் முழுப்பெயர் கொள்ளாது, ஓர் எழுத்துதான் கொள்ளும். சாதாரண எழுத்தில் ஒரு 'டி' போட்டால் அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கோத்திக்கில் அந்த 'டி' வந்தால் நியூயார்க் டைம்ஸ். 'லெ மோந்த்' செயலிக்குக் கோத்திக் 'எம்'. ஒரு காலத்தில் படிக்கச் சிரமம் என்று குறை சொல்லப்பட்ட அந்தக் கொக்கியும் முள்ளும்தான் இன்று இத்தனை சிறிய இடத்திலும் அடையாளம் காட்டுகின்றன.

கடைசியாக ஒன்று. முற்றுப்புள்ளியை நியூயார்க் டைம்ஸ் 1967-இல் எடுத்துவிட்டது என்றேன் அல்லவா? அதே ஊரிலிருந்து வெளியாகும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எடுக்கவில்லை. நூலகத்திலோ விமானத்திலோ அந்தப் பத்திரிகை கையில் கிடைத்தால் பெயரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் பாருங்கள், புள்ளி இருக்கும்.